நாயைத் தொட்டுப் பார்த்துத் தந்த சான்றிதழ்: எங்கள் கடற்கரைக் கால்நடை மருந்தகம் பற்றி

ராமநாதபுரம் கடற்கரையில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் அதைக் கூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பும்போது, யாரிடமாவது பணம் கொடுத்து ஒரு தாளை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அப்படிச் செய்யாமல் பக்கத்திலிருக்கும் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் கடலையொட்டி இருக்கிறது எங்கள் ஊர். மருந்தகம் எந்த ஊரில் இருக்கிறது என்பதை எழுதாமல் விடுகிறேன். அங்கே இருக்கும் டாக்டரம்மா நாளைக்கே மாறுதலாகிப் போகக்கூடும். நான் சொல்லப்போகும் முறையான பரிசோதனையை எந்த ஊர் மருந்தகத்திலும் கேட்டுப் பெற நமக்கு உரிமை இருக்கிறது.

என் கணவரின் கண் சிகிச்சைக்காகச் சென்னையில் மாதக்கணக்கில் தங்க வேண்டி வந்தது. சீலாவை யாரிடம் விட்டுப் போவது? சிப்பிப்பாறைக் கலப்பு, செவலை நிறம், பெண் நாய். முகம் சீலா மீனைப் போல நீண்டு கூராக இருந்ததால் குட்டியிலேயே என் மகன் அந்தப் பெயரை வைத்துவிட்டான். வேறு யார் கையிலும் சோறு தின்னாது. பள்ளியில் நான் வேலை பார்த்த காலத்தில் சாயங்காலம் மணி அடிக்கும்போது வாசலில் வந்து நிற்கும். விட்டுப் போவது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

ரயிலில் நாயை அழைத்துப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, முதல் வகுப்பில் இரண்டு படுக்கைகள் கொண்ட கூபேயையோ நான்கு படுக்கைகள் கொண்ட அறையையோ முழுவதுமாக நாமே எடுத்துக்கொண்டு நாயையும் உள்ளே வைத்துக்கொள்வது. இன்னொன்று, ரயில் மேலாளர் (கார்டு) இருக்கும் பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் ஏற்றிவிடுவது. எந்த வழியானாலும் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அங்கே முதலில் கேட்பது கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழைத்தான். கிளம்புவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் வாங்கியதாக அது இருக்க வேண்டும். போன மாதம் வாங்கி வைத்தேன் என்று நீட்டினால் எடுபடாது.

இந்தச் சான்றிதழ் ரயில்வே தன் இஷ்டத்துக்குக் கேட்பதல்ல. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், 1978இல் விலங்குகளை எடுத்துச்செல்வதற்கென்று விதிகள் வகுத்திருக்கிறார்கள். அதில் நாய்க்கும் பூனைக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. பயணத்துக்குத் தகுதியான உடல்நிலையில் இருக்கிறது, வெறிநோய் உள்ளிட்ட தொற்றுநோய் அறிகுறி எதுவும் இல்லை என்று கால்நடை மருத்துவர் எழுதித் தந்த சான்று கூடவே வர வேண்டும். அது இல்லாவிட்டால் ரயிலோ விமானமோ கப்பலோ, ஏற்ற மறுக்க வேண்டும் என்பதுதான் விதி. இதை நான் தேடிப் படித்த பிறகுதான், அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் எவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்கிறார் என்பது உறைத்தது.

நான் முதலில் விசாரிக்கப் போன அன்று மருந்தகத்தில் டாக்டரம்மா இல்லை. ஆடுகளுக்குத் தடுப்பூசி முகாம் என்று கிராமத்துக்குப் போயிருந்தார். உறவினர் ஒருவர், நகரத்தில் ஒரு தனியார் கிளினிக் இருக்கிறது, உடனே தந்துவிடுவார்கள் என்றார். போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் என்னிடம் நாயின் பெயரைக் கேட்டார், என் பெயரைக் கேட்டார், பயணத் தேதியைக் கேட்டார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாள் கட்டை எடுத்தார். எல்லாத் தாளிலும் முன்பே கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. "நாய் வாசலில் ஆட்டோவில் இருக்கிறது, உள்ளே கூட்டி வரட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம் மேடம், போட்டோ இருந்தால் வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்" என்றார். தடுப்பூசி அட்டையைக்கூட அவர் விரித்துப் பார்க்கவில்லை. இனம் என்ற இடத்தில் லேப்ரடார் என்று எழுதத் தொடங்கியிருந்தார். அந்தத் தாளை வாங்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. மீன் இறங்குதளங்களிலும் கருவாடு காயப்போடும் இடங்களிலும் எத்தனை நாய்கள் திரிகின்றன என்பது இந்தக் கரையில் வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டு நாயும் அவற்றோடு உரசிக்கொண்டுதான் வளர்கிறது. வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதனோ விலங்கோ பிழைப்பது அநேகமாக இல்லை. தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றுகூடப் பாராமல், நோய் இல்லை என்று எழுதித் தருகிறவர் அடுத்த பெட்டியில் தூங்கும் குழந்தையைப் பற்றி ஒரு நொடியாவது நினைக்க வேண்டாமா?

மறுபடி மருந்தகத்துக்குப் போனபோது டாக்டரம்மா இருந்தார். பயணம் என்றைக்கு என்று கேட்டுவிட்டு, "அப்படியென்றால் இன்றைக்குத் தர மாட்டேன் டீச்சர். படிவத்தில் பரிசோதித்த தேதியோடு நேரமும் எழுத வேண்டும். கிளம்புகிற நாள் காலையில் நாயோடு வாருங்கள். அட்டையின் நகல் வேண்டாம், அசலைக் கொண்டுவாருங்கள்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சொன்ன நாளில் காலை நேரத்திலேயே போய்விட்டோம். வேப்பமரத்தடியில் எங்களுக்கு முன்னால் வெள்ளாடுகள், கழுத்தில் கயிற்றோடு ஒரு கன்றுக்குட்டி, கூடையில் கோழிகள். சீலா ஆடுகளைப் பார்த்துத் துள்ளியது. பராமரிப்பு உதவியாளர் வந்து, "டீச்சர், நீங்கள் அந்தப் பக்கம் நிழலில் நில்லுங்கள், ஆடு மிரளும்" என்று எங்களைத் தள்ளி நிற்கவைத்தார். சிபாரிசு எதுவும் அங்கே செல்லவில்லை, முறைப்படிதான் கூப்பிட்டார்கள். ஆடு வைத்திருந்த பெரியவர் தன் முறை வந்தபோது எனக்கு விட்டுக்கொடுக்கப் பார்த்தார். டாக்டரம்மா அவரைத்தான் முதலில் வரச் சொன்னார்.

பரிசோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் போகும்போது உங்கள் நாய்க்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கட்டும். முதலில் சீலாவைச் சங்கிலியோடு கொஞ்ச தூரம் நடக்கவைத்துப் பார்த்தார். பின்னங்காலைச் சற்றே தூக்கி வைக்கிறதே என்று அவரே கண்டுபிடித்து, பாதத்தை விரித்து, சீமைக்கருவேல முள் நுனி ஒன்றை இடுக்கியால் எடுத்தார். நாங்கள் யாரும் கவனிக்காத முள் அது. அடுத்து ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தார், 101.8 காட்டியது. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பானதுதான், மனிதக் கணக்கில் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார். மேலுதட்டைத் தூக்கி ஈறில் விரலால் அழுத்தினார். வெளுத்த இடம் கண் இமைக்கும் நேரத்தில் மறுபடி சிவந்தது. இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்று விளக்கினார்.

விரலிடுக்கையும் காதின் உள்மடிப்பையும் அவர் பார்த்த விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து, மயிரை எதிர்ப்புறம் நீவிப் பார்த்தார். இடது முன்காலில் இரண்டு உண்ணிகள் அகப்பட்டன. உடலை நசுக்காமல், தோலோடு ஒட்டிய தலைப்பக்கத்தில் இடுக்கியை வைத்து நிதானமாக இழுத்து எடுத்து ஸ்பிரிட் குப்பியில் போட்டார். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ஈறு வெளுத்துப்போகும், அதனால்தான் முதலில் ஈறைப் பார்த்தேன் என்றார். கழுத்துக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பெண் நாய் என்பதால் வயிற்றையும் மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டு, பருவத்துக்கு வந்தது எப்போது என்று கேட்டார். நிறைசினையாக இருக்கும் நாயையோ பூனையையோ பயணத்தில் ஏற்றக் கூடாது என்பதும் அந்த 1978 விதிகளில் இருக்கிறது. இதை நான் சொல்வதற்கு முன் அவர் சொன்னார்.

தடுப்பூசி அட்டையை அவர் படித்தது தனி அழகு. தேதியை மட்டும் பார்க்கவில்லை. ஊசிமருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டு இருக்கிறதா, அதில் தொகுதி எண் இருக்கிறதா, பக்கத்தில் மருத்துவர் கையெழுத்து இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்தார். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருந்ததால் எங்களுக்குச் சிக்கல் இல்லை.

எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவருக்குத்தான் சிக்கல். வளர்ந்த நாய், ஒரு தடுப்பூசியும் போட்டதில்லை. அன்று இரவே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். "ஒரு தாள்தானே டாக்டரம்மா, எழுதிக் கொடுங்கள்" என்று கெஞ்சினார், பிறகு குரலை உயர்த்தினார். டாக்டரம்மா தன் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, ஊசி இப்போதே போட்டுவிடுகிறேன். ஆனால் இன்றைக்குப் போட்ட ஊசியை மூன்று வாரத்துக்கு முன்னால் போட்டதாக எழுத மாட்டேன். முதல் ஊசி போட்டால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர அவ்வளவு நாளாகும். பயணத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள்" என்றார். அவர் முறைத்துக்கொண்டுதான் நின்றார். ஆனாலும் நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டுதான் போனார். அந்த மருந்தகத்தின் தரத்தைப் பற்றி நான் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சான்றிதழ் எழுதும்போது அடையாளங்களுக்கு அவர் நேரம் எடுத்துக்கொண்டார். செவலை நிறம், நெஞ்சில் வெள்ளை, வலது முன்பாதம் வெள்ளை, இடது காது விளிம்பில் பழைய கிழிசல் தழும்பு. அந்தத் தழும்பு தூண்டில் முள் மாட்டி வந்தது. என் பெயர், முகவரி, எங்கிருந்து எங்கே, எந்த வழியாக, பரிசோதித்த நேரம், தடுப்பூசியின் பெயரும் தேதியும், கடைசியில் கையெழுத்து, மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண், முத்திரை. பதிவு எண் இல்லாத சான்றிதழை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அது யார் எழுதியது என்பதற்கே ஆதாரம் இல்லை. கட்டணமாக வாங்கியது சிறு தொகை, அதற்கும் ரசீது தந்தார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். டாக்டர் ஒருவர்தான். அவர் முகாமுக்குப் போனால் சான்றிதழுக்கு வழியில்லை. என்றைக்கு இருப்பார், என்றைக்கு இருக்க மாட்டார் என்று எழுதிப்போட ஒரு பலகை இல்லை. படிவம் நகலின் நகலாக மங்கிப்போயிருந்தது. நாயை நிறுத்தி எடை பார்க்கத் தராசு இல்லாததால், என் கணவர் சீலாவைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்த்தோம். ரயில்வேயில் கட்டணம் எடைக்கணக்கு என்பதால் அது தேவைப்படலாம் என்று டாக்டரம்மாவே செய்யச் சொன்னார். கால்நடை பராமரிப்புத் துறை ஒரு தராசும் ஒரு பலகையும் தந்தால் போதும், பாதிக் குறை தீரும். இன்னொன்று, நம் பக்கத்திலிருந்து: கால்நடை ஆம்புலன்ஸ் 1962 என்ற எண்ணில் கிடைக்கிறது என்று அதைச் சான்றிதழுக்காகக் கூப்பிடாதீர்கள். கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்குப் போக வேண்டிய வண்டி அது.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் முதல் வகுப்பு ஏசி பெட்டி இருப்பதால் மதுரை வரை காரில் போய் அங்கே ஏறினோம். கூபே வேண்டும் என்று ரயில்வேயின் வணிகப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தோம். கிடைத்ததா என்பது சார்ட் தயாரான பிறகுதான் தெரியும். கார் பயணத்துக்கும் அந்த விதிகள்தான் எனக்கு வழிகாட்டின. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே உணவும் தண்ணீரும் கொடுத்துவிட வேண்டும், கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீர் காட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. கிளம்புகிற சமயத்தில் கொஞ்சம் நடத்திவிடவும் சொல்கிறது. பரமக்குடி தாண்டி நிழல் பார்த்து நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டுபோன சட்டியில் தண்ணீர் வைத்தோம். மடமடவென்று குடித்தது.

ரயில் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் இருக்கும்போதே மதுரை பார்சல் அலுவலகத்தில் இருந்தோம். அங்கிருந்த எழுத்தர் சான்றிதழை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். எழுந்து வெளியே வந்தார். சீலாவின் வலது முன்பாதத்தைக் குனிந்து பார்த்தார், பிறகு காதைப் பார்த்தார். "சரியாக எழுதியிருக்கிறார்களம்மா" என்று சொல்லிவிட்டு லக்கேஜ் சீட்டுப் போட்டார். லேப்ரடார் என்று எழுதிய தாளோடு நான் அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. சங்கிலியும் வாய்க்கூடும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். பெட்டியில் ஏசி காற்று நேராக நாயின் மேல் அடிக்காதபடி படுக்கவையுங்கள்; ரயில் பயணத்தில் காற்று நேராகத் தாக்கக் கூடாது என்பதையும் விதியில் எழுதியிருக்கிறார்கள். சீலா என் காலடியில் சுருண்டு படுத்துச் சென்னை வரை தூங்கியது.

கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்திலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் பூனையை எடுத்துப்போக வழி கேட்பதுண்டு. என்னோடு வேலை பார்த்த கீழக்கரைத் தோழி ஒருவருக்காக டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். "அது என் மேசையில் முடிகிற வேலை இல்லை. லாத்தாவிடம் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்" என்றார் அவர். கீழக்கரைப் பக்கம் அக்காவை லாத்தா என்பார்கள். முதலில் தோலுக்கடியில் 15 இலக்க மைக்ரோசிப், அதன் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ரத்தப் பரிசோதனை. எதிர்ப்புப் பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையக் கூடாது. போகிற நாட்டின் இறக்குமதி அனுமதி தனி. கடைசியில் சென்னையில் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். விமான டிக்கெட் எடுத்த பிறகு ஓடினால் நடக்காது. மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், போக வேண்டிய இடத்தைச் சரியாகக் காட்டிவிட்டாரே, அதற்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்கிறேன்.

திரும்பி வருவதற்கு ஊரில் வாங்கிய சான்றிதழ் செல்லாது. சென்னையில் புதிதாக வாங்க வேண்டும். 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். கூட்டம் மிகுதியாக இருக்கும், காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். தடுப்பூசி அட்டையின் அசலையும் ஊரில் வாங்கிய பழைய சான்றிதழையும் கையோடு கொண்டுபோங்கள். அடையாளங்களை அதிலிருந்து பார்த்து எழுத அவர்களுக்கும் எளிதாக இருக்கும்.